தகடூர்க் கடலியல்: ஸ்டாண்டும் குழாயும் குறித்த ஓர் ஆராய்ச்சி

பழைய தகடூரான தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தபோது பங்கில் வரவில்லை. 2004இல் கிருஷ்ணகிரி தனியே போனபோது இழப்பதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. அலையைப் பார்க்க வேண்டுமென்றால் சாலை வழியே 200 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். இருந்தும், வீட்டுக்குள் கடல் கட்ட, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான ரீஃப் டேங்க் அமைக்க, தமிழ்நாட்டிலேயே தகுதி மிக்க மாவட்டம் இதுதான் என்பது இவ்வாய்வின் கருதுகோள். மறுப்போர் பாலக்கோட்டில் ஏதாவதொரு சொட்டுநீர்ப் பாசனக் கடை வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்து பேசலாம்.

முன்னாய்வுகளைத் தொட்டுச் செல்வது மரபு. 1846இல் ஆனா தைன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி, இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து எடுத்துவந்த கல்பவளங்களை லண்டனில் தம் வீட்டில் வளர்த்தார். நீரில் காற்று கலக்க அவர் கண்ட வழி, பணிப்பெண்ணைத் திறந்த ஜன்னலருகே நிறுத்தி, நாள்தோறும் அரை மணிக்கு மேல் தண்ணீரை ஆற்றச் சொல்வது. ஆக, ரீஃப் டேங்கின் நீரைச் சுழற்றும் ஆதி ரிட்டர்ன் பம்புக்கு இரண்டு கைகள் இருந்தன; சம்பளமும் உண்டு. 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும் போதும் என்று எழுதினார். பணிப்பெண்ணுக்கு விடுதலை கிடைத்தது.

இயல் 1: பாரம்

நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை 450 லிட்டர் கொள்ளும். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடியே 90 கிலோ வரும். மணலும் கல்லும் சேர்ந்தால் மொத்தம் 600 கிலோவைத் தாண்டும். பத்துப் பேர் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து, இரவும் பகலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பு இது.

தொட்டியின் அடிப்பரப்பு முக்கால் சதுர மீட்டர்கூட இல்லை. எனவே சதுர மீட்டருக்கு 800 கிலோ. குடியிருப்புத் தளங்களுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 வகுத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோதான். மாடியில் கடல் கட்ட விரும்புவோர் கீழ்வீட்டாரின் ஜாதகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தரைத்தளமே உத்தமம், மாடிதான் என்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

அமெரிக்கர்கள் ஸ்டாண்டை மரச்சட்டத்தில் அடிக்கிறார்கள். இங்கே வெல்டிங் பட்டறை இருக்க அந்தப் பாடு எதற்கு? இரும்பு ஸ்கொயர் பைப்பில் சட்டம், நான்கு மூலையிலும் கால், நீளவாக்கில் நடுவில் இரண்டு கூடுதல் கால், குறுக்கே தாங்கிகள். பாரம் பைப்பின் மேல் உட்கார வேண்டும். வெல்டு தையலில் தொங்கக் கூடாது. உப்புநீர் தெறித்தால் இரும்பு பொரிந்துபோகும் என்பதால் ரெட் ஆக்சைடு பூசி அதன்மேல் எபாக்சி பெயின்ட். இரும்பே வேண்டாம் என்பவருக்கு ஹாலோ பிளாக் சுவரும் கிரானைட் பலகையும் உண்டு. கிரானைட்டுக்கு இப்பக்கத்தில் யாரும் அலைந்ததில்லை.

மேலே பலகை, பலகைமேல் தெர்மாகோல், அதன்மேல் தொட்டி. மணல்துணுக்கு ஒன்று அடியில் சிக்கினாலும் பாரம் அங்கேயே குவிந்து கண்ணாடி விரிசல் விடும். தெர்மாகோல் அந்த மேடு பள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. பிறகு கொத்தனாரின் ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். நடுகல் நட்டுப் பழகிய மண் இது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைக் காணலாம். நிறுத்திய கல் சாயக் கூடாது என்ற அறிவு இங்கே புதிதல்ல.

இயல் 2: குழாய்

கருதுகோளின் உயிர்நாடி இங்கேதான். 2004 முதல் 2007 வரை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணைத் திட்டத்தை நடத்தியது. தக்காளிக்கும் கத்தரிக்கும் சொட்டுநீரும், அதிலேயே கரைத்த உரமும். எல்போ, டீ, யூனியன், எண்ட் கேப், சொலூஷன் எல்லாம் இங்கே வயல்காட்டுப் பேச்சு. உரத் தொட்டியிலிருந்து கரைசலை உறிஞ்ச விவசாயி மாட்டும் வென்சுரி இருக்கிறதே, குழாய் குறுகும் இடத்தில் நீர் வேகம் கூடி அழுத்தம் குறைவதால் வேலை செய்வது, அதே தத்துவத்தில்தான் ரீஃப் டேங்கின் புரோட்டீன் ஸ்கிம்மர் காற்றை இழுத்துக் குமிழியாக்கி அழுக்கை நுரையோடு வெளியேற்றுகிறது. அங்கே உறிஞ்சப்படுவது பொட்டாஷ், இங்கே காற்று. ஆய்வாளருக்கு வேறுபாடு அவ்வளவே.

ஏற்பாடு எளிது. மேல்தொட்டியில் வழியும் நீர் குழாய் வழியே ஸ்டாண்டுக்கு அடியிலுள்ள கீழ்த்தொட்டியான சம்புக்கு இறங்கும். அங்கே சுத்தமாகி பம்பு வழியே மேலேறும். இறங்கும் குழாய் ஒன்றே என்றால் காற்றும் நீரும் முட்டி மோதி, நள்ளிரவில் கழிவறை ஃபிளஷ் போல் கொப்பளிக்கும். அதற்கு மருந்து இரட்டைக் குழாய் முறை. முதல் குழாயை கேட் வால்வால் திருகித் திருகி, காற்று புகாமல் நீர் முழுதாய் நிறையும்படி அமைத்தால் சத்தமே எழாது. இரண்டாவது குழாய் சற்று உயரத்தில் சும்மா நிற்கும். முதலாவதில் நத்தை அடைத்தால் அன்றைக்கு வேலைக்கு வரும். கால் திருப்பில் மூடிவிடும் பால் வால்வு இந்த நுணுக்கத்துக்கு உதவாது. பித்தளை வால்வு அறவே கூடாது: செம்பு உப்பான மயில்துத்தத்துக்கு இலைப்பூஞ்சை அஞ்சுவதுபோல், கரையும் செம்புக்குப் பவளமும் இறாலும் அஞ்சும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் இவ்வியலின் தேர்வு நாள். பம்பு நின்றதும் மேலேற்றும் குழாய் சைபனாக மாறி, நீரைக் கீழே இழுக்கும். நான்குக்கு இரண்டடித் தொட்டியில் ஓர் அங்குல நீர் 19 லிட்டர். குழாய் வாய் இரண்டு அங்குலம் மூழ்கியிருந்தால் 38 லிட்டர் சம்பை நோக்கி வரும். சம்பில் இடமில்லையென்றால் கூடத்தில் இடமிருக்கிறது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளை போட்டால், மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து சைபன் அறும். துளையில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு.

இயல் 3: நீரும் சட்டமும்

ஒரு வினோதம். கடல்நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு சுமார் 1.3 மில்லிகிராம். தருமபுரியின் பல ஆழ்துளைக் கிணறுகளில் அது 1.5 என்ற குடிநீர் வரம்பையே தாண்டுகிறது. இந்த ஓர் அம்சத்தில் மாவட்டம் கடலை எப்போதோ வென்றுவிட்டது. பற்களும் எலும்புகளும் கொடுத்த விலையால்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. தொட்டிக்கோ ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம், மொத்தம் 16 கிலோ கடலுப்புக் கலவை வேண்டும். தூத்துக்குடிச் சமையல் உப்பு ஆகாது; பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் போதிய அளவில் அதில் இல்லை.

கருதுகோள் தடுக்கி விழும் இடம் பவளம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், யானைக்கும் புலிக்கும் பக்கத்தில், 2001இல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பாறைகள் 2016இல் கடல் சூடேறி வெளுத்தன. அவற்றை உடைத்து பாலக்கோட்டுக்குப் பேருந்து ஏற்றுவதைச் சட்டம் மட்டுமல்ல, இவ்வாய்வும் ஏற்கவில்லை.

ஆகவே தீர்ப்பு: ஸ்டாண்டு கட்டலாம், குழாய் பூட்டலாம், சிமென்ட்டில் செய்த கல் வைக்கலாம். உள்ளே விட, தொட்டியிலேயே பொரித்து வளர்த்த கோமாளி மீன் இருக்கிறது. அதன் இனப்பெருக்க நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் சாதாரணத் தண்ணீரை நிரப்பி, பம்பை ஓட்டி, மெயினை அணைத்து, ஒரு முழு நாள் கசிவு பாருங்கள். உப்பு மூட்டையை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.