இறங்காத வேட்டி: வெஸ்ட் ஈலிங்கில் கில்ட் அணிதல் குறித்த ஓர் ஆய்வு

ஆண்கள் இடுப்புக்குக் கீழே அணிபவற்றை இரண்டாகப் பிரித்துவிடலாம்: குழாய், குழாயல்லாதது. முதல் வகையில் காலுக்கு ஓர் அறை. இரண்டாவதில் கூட்டுக் குடித்தனம். குழாயல்லாத ஆடை பற்றி நம்மவர்கள் எழுதியதெல்லாம் கல்யாணம், கோயில், தேர்தல் என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. பால் வாங்கப் போகும்போதும், 207ஆம் எண் பஸ்ஸின் மாடிப்படி ஏறும்போதும் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி அறிவுலகம் வாயே திறக்கவில்லை. இந்தக் குறையைப் போக்க வேறு யாரும் முன்வரும் அறிகுறி தெரியாததால் நானே முன்வந்தேன்.

ஆய்வுப் பொருள், ஸ்காட்லாந்து ஆண்களின் கொசுவம் வைத்த இடுப்புடையான கில்ட்டின் வேலைக்கள வடிவம்: யுட்டிலிட்டி கில்ட். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்டீவன் வியேகாஸ் என்பவர் தொடங்கிய யுட்டிலிகில்ட்ஸ் நிறுவனத்தால் பெயர் பெற்ற உருப்படி இது. கம்பளிக்குப் பதில் தடித்த பருத்தித் துணி, வார்ப்பட்டைக்குப் பதில் பிரஸ் பட்டன், இரண்டு பக்கமும் அரிசி அளக்கலாம் போன்ற பைகள். தச்சர்களுக்கென்று வந்த ரகத்தில் சுத்தியல் மாட்ட ஒரு வளையமும் உண்டு. நான் வாங்கியது அதன் ஒன்றுவிட்ட தம்பி, சாம்பல் நிறம். வளையம் இருந்தது. என்னிடம் சுத்தியல் இல்லாததால் குடையை மாட்டிக்கொண்டேன். லண்டனில் அதுவே அடிக்கடி தேவைப்படும் கருவி.

களம் லண்டனின் வெஸ்ட் ஈலிங். குழாயல்லாத ஆடையில் ஆயுள் அனுபவம் உள்ள மதிப்பீட்டாளர்கள் இந்த அளவுக்கு நெருக்கமாக வாழும் இடம் ஸ்காட்லாந்திலேயே கிடைக்குமா என்பது சந்தேகம். சாப்பல் ரோட்டில், ஒரு காலத்தில் கிறிஸ்தவ வழிபாட்டுக்கூடமாக இருந்த கட்டடத்தில், ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது. ஆகஸ்டில் தேர் வெளியே வரும்போது வெஸ்ட் ஈலிங் தெருக்களில் வேட்டி பெருகும். மற்ற மாதங்களில் வேட்டி பெட்டிக்குள் போய்விடும். சாரம் வீட்டுக்குள் போய்விடும். யாழ்ப்பாணத்தார் சாரம் என்பதை நான் கைலி என்று சொல்லி வளர்ந்தவன். அந்தச் சாரம் தெருவைப் பார்ப்பது நகரசபை குப்பை அள்ள வரும் காலையில் மட்டும்தான். மேலே பனிக்காலக் கோட்டு, கீழே கட்டம் போட்ட சாரம், கையில் சக்கரத் தொட்டி. அன்றாட உடை எது என்று ஆராய வருபவர்கள் தேரைப் படம்பிடிக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது தொட்டியை.

இனி அளவை. மரபான ஸ்காட்லாந்துக் கில்ட்டுக்கு 8 கஜம் துணி என்பார்கள். கஜத்துக்கு இரண்டு முழம் என்றால் 16 முழம், அதாவது நம் எட்டு முழ வேட்டியைப் போல் இரண்டு பங்கு. இவ்வளவையும் சுற்றியும் முழங்காலைத் தாண்டவில்லை. துணி முழுக்கப் பின்புற மடிப்புகளில் புதைந்து கிடக்கிறது. நம் கிராமத்துப் பெண்கள் வயல் வேலைக்கு வசதியாகக் கட்டிய பின்கொசுவச் சேலை இதே பள்ளியைச் சேர்ந்தது. பருத்திக் கில்ட்டில் துணி குறைவு, கொசுவம் வைக்கும் முறை அதேதான்.

வரலாறு நம் பக்கம் இன்னும் நெருங்கி வருகிறது. மலைநாட்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் முதலில் உடுத்தியது தைக்காத ஒரே நீளத் துணி. இடுப்பில் சுற்றி, பட்டையால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். வேட்டியும் சால்வையும் பிரிந்து தனிக்குடித்தனம் போவதற்கு முந்தைய நிலை என்று வைத்துக்கொள்ளலாம். 1720களில் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர், இரும்பு உலை நடத்த க்ளென்கேரி பக்கம் போனவர், மரம் வெட்டவும் உலையில் நிற்கவும் இந்தத் துணி இடைஞ்சலாக இருப்பதைக் கண்டு மேல்பாதியைப் பிரித்துவிட்டு இடுப்புப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளச் செய்தார் என்று ஒரு பழைய கடிதம் சொல்கிறது. வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983இல் இந்தக் கதையைத் தூக்கி முன்னால் வைத்தார். குட்டைக் கில்ட் அதற்கும் முன்பே இருந்தது என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். தேசிய உடையை ஒரு வெளியூர் முதலாளி கத்தரித்தார் என்று யாருக்குத்தான் கேட்கப் பிடிக்கும்? கதை உண்மையென்றால் யுட்டிலிட்டி கில்ட் புதுமையே அல்ல. குட்டைக் கில்ட் பிறந்ததே பட்டறையில்தான்.

சட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் குழாயல்லாத ஆடைக்காக இரண்டு நாடுகள் சிறைக்கதவைத் திறந்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் எழுந்த 1745 கிளர்ச்சியை அடக்கிய பின் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1746இல் இயற்றிய சட்டப்படி, ஸ்காட்லாந்தில் படைவீரர் அல்லாத ஆண் கில்ட் அணிந்தால் முதல் தடவை ஆறு மாதம் சிறை. மறுபடியும் அணிந்தால் ஏழு ஆண்டுக்குக் கடல் தாண்டி நாடுகடத்தல். 1782இல்தான் அது நீக்கப்பட்டது. நம் பக்கம் நடந்தது தலைகீழ். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்துக்கு வேட்டியோடு போன உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. வேட்டி கட்டியவரை உள்ளே விட மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அங்கே உடுத்தியவன் உள்ளே போனான். இங்கே தடுத்தவன் போக வேண்டும். தண்டனைக் காலத்தை வைத்து மட்டும் மதிப்பிட்டால் முதல் குற்றத்தில் வேட்டி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முந்துகிறது. நாடுகடத்தலைச் சேர்த்தால் கில்ட் வெகுதூரம் போய்விடுகிறது.

தடை நீங்கி நாற்பதே ஆண்டில், 1822இல், அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்து கில்ட் அணிந்தார். காலுக்குத் தோல் நிறத்தில் இறுக்கமான உறை போட்டிருந்தார் என்பது சொல்ல வேண்டிய செய்தி. வரவேற்பு முழுவதையும் ஏற்பாடு செய்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். அதோடு கில்ட் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வேட்டி போன வழியும் அதுதான்.

அன்றாடச் சோதனையில் கில்ட் வாங்கிய மதிப்பெண் குறைவல்ல. காற்றில் பின்கொசுவத்தின் எடை அதை இறக்கிப் பிடிக்கிறது. அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில் அடிக்கும் குறுக்குக் காற்றில் சாரம் பலூனாகும். வேட்டியின் முனை தனி வழி போகும். கில்ட் அசைந்ததோடு சரி. பஸ் படியில் வேட்டிக்கு ஒரு கையை ஒதுக்க வேண்டும், கில்ட்டில் இரண்டு கையும் நமக்கே. பின்னால் ஏறுகிறவர் என்ன பார்க்க நேரிடும் என்ற கேள்வியை ஸ்காட்லாந்துக்காரர்கள் பல தலைமுறையாக மர்மமாகவே வைத்துச் சிரிக்கிறார்கள். தமிழர்களுக்கு இதில் மர்மம் இல்லை. பட்டாபட்டி டவுசரைக் கண்டுபிடித்து, அதில் பணம் வைக்கப் பையும் தைத்து, விஷயத்தை எப்போதோ முடித்துவிட்டோம்.

பையில் கில்ட் அடித்துச் செல்கிறது. லீலண்ட் ரோட்டுச் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு பக்கம் ஆப்பிளும் மறு பக்கம் உருளைக்கிழங்குமாகப் போட்டு நடந்தேன். தராசு போல நின்றது. ஜனவரியில் ரயில் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்ததைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை.

உருளும் சோதனை ஒன்று மீதி. தேர்த்திருவிழாவில் நேர்த்திக்கடன் வைத்தவர்கள் தேருக்குப் பின்னே தார் ரோட்டில் பிரதட்டை பண்ணுவார்கள். வேட்டியை ஒடுக்கிக் கட்டி, மேலே சால்வையை இறுக்கிவிட்டால் எத்தனை சுற்று உருண்டாலும் அவிழாது. பிரஸ் பட்டன், பெரிய பை, சுத்தியல் வளையம் ஆகியவற்றோடு அதே காரியத்தைச் செய்தால் என்னென்ன எங்கெங்கே குத்தும் என்பதை வீட்டுக் கம்பளத்தில் உருண்டு பார்த்த அளவிலேயே தெரிந்துகொண்டேன். அம்மன் சன்னிதிக்குக் கில்ட்டைக் கொண்டுபோகத் துணிச்சல் வரவில்லை.

ஆனால் கில்ட்டை வீழ்த்துவது இவை எதுவுமில்லை. வேட்டிக்கும் சாரத்துக்கும் உயரம் மாறும். முழு நீளத்தில் விட்டால் ஒரு நிலை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினால் வேலை, அவசரம், வெக்கை, அல்லது சண்டை. எது என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மூத்தவர் எதிரே வந்தால், கோயில் வாசல் வந்தால், சாவு வீட்டுப் படலை தெரிந்தால், யாரும் சொல்லாமலே கை கீழே போய் மடிப்பை இறக்கிவிடும். அரை நொடி வேலை. வணக்கம் கூட அதற்கு அப்புறம்தான். கில்ட்டுக்கு ஒரே உயரம். அது நிரந்தரமாக மடித்துக் கட்டிய வேட்டி. எந்நேரமும் வயலில் இறங்கவோ அடிதடிக்கோ தயாராக நிற்கிறது. சமாதானத்துக்கு அதில் வழி வைக்கப்படவில்லை.

இது ஊகமல்ல. அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் எதிர்ப்பட்டார். என் கை தானாகக் கீழே போய்க் கில்ட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தது. எதுவும் இறங்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். ஒரு பட்டன் திறந்துகொண்டது.

“உதென்ன தம்பி, பாவாடையே?”

ஆய்வை விளக்கினேன். பைகளைத் திறந்து காட்டினேன். 1746ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொன்னபோது “ஓமோம்” என்றார். கீழ்விளிம்புக்குள் இன்னொரு அடுக்குத் துணியைச் சுருட்டி வைத்து, பெரியவர்களைக் கண்டதும் பட்டனை அழுத்தினால் கணுக்கால்வரை இறங்கும்படி வடிவமைக்கலாம் என்ற என் பரிந்துரையையும் முன்வைத்தேன். பொறுமையாகக் கேட்டவர் விலையை விசாரித்தார். சொன்னேன். குனிந்து துணியை விரலால் உரசிப் பார்த்தார்.

“உவ்வளவு காசையும் வாங்கிப்போட்டு, மிச்சத் துணியை ஏன் தம்பி அவங்கள் தரேல்லை?”