பெரிய எழுத்தும் ஆறு அங்குலத் திரையும்

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகனைப் பார்க்க வருகிற கூட்டம் கூட்டேரிப்பட்டில் பேருந்தை விட்டு இறங்கி நடக்கத் தொடங்குகிற நாட்களில், சாலையின் இரண்டு ஓரத்திலும் சாக்கு விரித்துக் கடை போட்டிருப்பார்கள். வளையல், ஊதல், பொரி உருண்டை, கற்பூரம், இவற்றுக்கு நடுவே யாரும் வியக்காதபடி வெகு இயல்பாகப் புத்தகமும் கிடக்கும். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, கந்தர் சஷ்டி கவசம். மட்டமான தாள், மஞ்சளோ சிவப்போ ஓர் அட்டை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனால் போதும், அன்று ராத்திரி நல்லதங்காளுக்காகத் தெருவே அழும். அட்டையில் பெயருக்கு முன்னாலேயே 'பெரிய எழுத்து' என்று எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று அப்போது எனக்கு விளங்கியதில்லை. ஊசியில் நூல் கோக்கத் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அந்த வயது. இப்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் இரண்டு விரலை வைத்து விரித்து எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்: இன்று பல ஆயிரம் ரூபாய்க் கருவியின் சிறப்பு என்று விளம்பரம் செய்கிற வசதியைத்தான் மயிலம் சாலையில் சாக்கு விரித்துச் சில்லறைக் காசுக்கு விற்றார்கள்.

அந்தக் காலத்தில் எதை வைத்துப் படிப்பது என்ற கேள்வியே எழவில்லை, எது கிடைக்கும் என்பதுதான் கேள்வி. நாற்கரச் சாலை வராத நாளில் சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற பேருந்துகள் எங்கள் கூட்ரோட்டில் நின்று மூச்சு வாங்கிப் போகும். நிற்கிற நிமிடத்தில் வெள்ளரிப் பிஞ்சும் வேர்க்கடலையும் ஏறும், கூடவே கைநிறையப் புத்தகத்தோடு ஒருவர் ஏறுவார். கோலப் புத்தகம், கைவைத்தியம், முப்பது நாளில் ஆங்கிலம். ஒவ்வொருவர் மடியிலும் ஒன்றை வைத்துக்கொண்டே பின்னால் வரை போய், திரும்பி வரும்போது காசையோ புத்தகத்தையோ வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். அவர் போய்வருகிற அந்தச் சின்ன அவகாசத்துக்குள் நாலு பக்கம் படித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பந்தயம் ஓடும். டீக்கடையில் தினத்தந்தி ஒன்றுதான், அதையே நாலைந்து தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாய் வைத்திருப்பார்கள். "இன்னா தம்பி, படிச்சிட்டியா? குடு இப்டி" என்று ஒரு கை நீளும், கன்னித்தீவு இருக்கிற தாள் யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கத்தில் போய் உட்காருவோம். ஒரு பத்திரிகையை ஒரே சமயத்தில் அத்தனை பேர் படிக்க முடிந்ததே, அதை வாசிப்புக் கருவிகளின் வரலாற்றில் யாராவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னொரு கருவியும் இருந்தது, அதை வீட்டுக்காரர்களே செய்தார்கள். விகடனிலும் கல்கியிலும் குமுதத்திலும் வருகிற தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய் பைண்டு செய்வார்கள். பைண்டிங் கடையில் நின்று பார்த்திருக்கிறேன். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அதனால் பசை இலேசாக நீலம் பூத்திருக்கும். நடுவில் கனத்த நூல் ஓட்டி, முதுகுக்கு காலிகோ துணி ஒட்டி, கட்டையில் வைத்து இறுக்கிவிட்டு, "நாளைக்கு வாப்பா" என்பார்கள். கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன், மணியம் படங்களோடு, ஓரத்தில் அந்தக் காலத்துச் சோப்பு விளம்பரமும் தலைவலித் தைல விளம்பரமும் ஒட்டிக்கொண்டிருக்க, இப்படித்தான் ஆயிரக்கணக்கான தமிழ் வீடுகளில் புத்தகமாயிற்று. நடுவில் ஒரு வாரம் இதழ் கிடைக்காமல் போயிருந்தால் அந்த அத்தியாயம் இருக்காது, அதை அக்கா வாயால் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தில் வீட்டுக்காரர் பெயர், அதற்குக் கீழே 'படித்துவிட்டுத் தவறாமல் திருப்பித் தரவும்'. அந்தப் புத்தகம் அவர் வீட்டில் இருந்த நாளைவிட ஊரில் சுற்றிய நாள்தான் அதிகம்.

பிறகு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மின்னணு வாசிப்புக் கருவிகளுக்குள் பெரிய போட்டி நடந்தது. 2004இல் சோனி ஜப்பானில் ஒரு மின்வாசிப்பானைக் கொண்டுவந்தது. 2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் 399 டாலருக்கு வந்து சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. 2009இல் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைக்காரர்கள் நூக் என்று ஒன்றை விட்டார்கள். ஜனங்கள் இப்போதெல்லாம் படிப்பதே இல்லை என்று 2008இல் சொன்ன ஸ்டீவ் ஜாப்ஸ், 2010இல் ஐபேடோடு சேர்த்து ஒரு புத்தகக் கடையையும் திறந்தார். நம் நாடும் சும்மா இருக்கவில்லை. அதே 2010இல் இன்ஃபிபீம் நிறுவனம் 'பை' என்ற வாசிப்பானை ரூ.9,999க்கு விற்றது. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் ஆகாஷ் கைக்கணினியை வெளியிட்டார், ஏறத்தாழ ரூ.2,250 விலைக்கு மாணவர்களுக்கான டேப், தொட்டால் போதாது, நகத்தால் அழுத்த வேண்டிய திரை. அதற்குச் சில வாரம் முன்னால்தான், அந்த ஆண்டு செப்டம்பரில், தமிழ்நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஊரில் முதல் மடிக்கணினி வந்த வீட்டு வாசலில் இருந்த செருப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கல்யாணவீடு என்று நினைத்தவர்கள் உண்டு.

இந்தப் போட்டியில் தமிழ் வாசகனுக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருந்தது? கருவி வந்தது, எழுத்து வரவில்லை. அந்நாளைய செல்போன்களில் தமிழ்ப் பக்கம் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினியில் முகவரிப் பட்டையில் 'கான்ஃபிக்' என்று அடித்து ஏதோ ஓர் அமைப்பை மாற்றினால் தமிழ் தெரியும் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, அதைத் துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு அலைந்த தலைமுறை நாங்கள். பல மின்வாசிப்பான்களில் எழுத்து தெரியும், ஆனால் இடம் மாறும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுகொள்ளும். 'தென்னை' என்பதைப் படிக்கத் திணற வேண்டியிருக்கும். தமிழ் ஆர்வலர்கள் சும்மா இருக்காமல் வழி கண்டார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. முத்து நெடுமாறனின் செல்லினம் கைப்பேசியில் தமிழ் எழுத வைத்தது. 2013இல் தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' குழு, வழக்கமான வடிவங்களோடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப் ஒன்றையும் வைத்தது. கொம்பு கலையாமல், வரி உடையாமல், சின்னத் திரையில் பக்கம் அப்படியே அச்சாய் நிற்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சம்பளம் எதுவும் இல்லாமல், யாரோ ஒருவர் வீட்டில் படித்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்து செய்தவர்கள் அவர்கள். அவர்களை நினைக்கிறபோது இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இதில் நெஞ்சை உறுத்துகிற தேதிகள் இரண்டு உண்டு. ஜியோ செல்போன் சேவை 2016 செப்டம்பர் 5ஆம் தேதி வந்தது. அமேசான் கிண்டிலில் தமிழ்ப் புத்தகக் கடை திறந்தது அதே ஆண்டு டிசம்பரில். இடைவெளி மூன்றே மாதம். படிப்பதற்கென்றே செய்த கருவி தமிழ் கற்றுக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, ஒரு மாதத்துக்கு வைத்து வைத்துச் செலவழித்த ஒரு ஜிபியை ஒரே நாளில் தீர்க்கலாம் என்று செல்போன் வீட்டுக்குள் நுழைந்து படமும் பாட்டும் காட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாறு ஆண்டுகள் முன்னால் தமிழ் வந்திருந்தால், எங்கள் கூட்ரோட்டுப் பேருந்து நிறுத்தத்திலும் கையில் மின்வாசிப்பானோடு நாலு பேர் நின்றிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடையில் மின்வாசிப்பான், கைக்கணினி, செல்போன் என்று மூன்று கருவி இருந்தது, நமக்கு வாய்த்தது செல்போன் ஒன்று.

அந்த ஒன்றை நான் வெறுக்கவில்லை. பெரிய திரை வைத்த டச் போனில்தான் என் அக்கா மறுபடி கதை படிக்கத் தொடங்கினாள். கல்யாணமாகிப் போன பிறகு நூலகத்துக்குப் போக அவளுக்கு நேரமும் இல்லை, போய்வா என்று சொல்ல வீட்டில் ஆளும் இல்லை. இப்போது அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் பிரதிலிபி செயலியில் ஓர் அத்தியாயம் முடித்துவிடுகிறாள், தொடரின் அடுத்த பகுதி வரவில்லை என்று அன்றைக்குக் குமுதத்துக்குக் காத்திருந்த அதே முகத்தோடு காத்திருக்கிறாள். பொன்னியின் செல்வன் எழுதிய கல்கியின் நாட்டுடைமை ஆன நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் கிடக்கின்றன. அன்றைக்குக் கிடைக்காமல் போன வாரத்து அத்தியாயம் இன்று யாருக்கும் கிடைக்காமல் போகாது. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் போனில் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் வாட்சப்பில் இரண்டு செய்தி வந்துவிடுகிறது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், மயிலம் தமிழ்க் கல்லூரியில் படித்தவர். அவருக்குக் கண்புரை அறுவை முடிந்தபின் மகன் ஒரு மின்வாசிப்பான் வாங்கிக் கொடுத்தான். திரையில் வெள்ளை கறுப்பு நுண்துகள்கள்தாம் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் செலவாகும், எழுத்து அப்படியே நிற்கச் செலவே இல்லை, வெயிலில் பிடித்தால் தாள்மாதிரியே தெளிவாகத் தெரியும். முதல்முறை பக்கத்தைத் திருப்பியதும் திரை ஒருதரம் கறுத்து வெளுக்க, "என்னாப்பா இது, கரண்ட்டு போயி வந்தாப்ல இருக்கு" என்றார். பத்து நாள் கழித்துப் போனேன். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, ஒரு வரிக்கு நாலு சொல் வருகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, புறநானூறு படித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததையே கவனிக்கவில்லை. அப்படி ஒருவர் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது! "ஐயா, முன்னாடி படிச்ச நாவல் எப்படி இருந்துது?" என்று கேட்டதற்கு, "நல்லா இருந்துது, நீ எடுத்துட்டுப் போய்ப் படி" என்று பழக்கதோஷத்தில் கருவியையே நீட்டினார். விலை கொடுத்து வாங்கிய மின்னூலில் ஒன்றை மட்டும் எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்க அவருக்கு வழியில்லை. கொடுத்தால் மொத்த அலமாரியையும் கொடுக்க வேண்டும். அதுவும் நம் அலமாரி என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. 2009இல் உரிமைச் சிக்கல் வந்தபோது, ஜனங்கள் வாங்கி வைத்திருந்த ஆர்வெல்லின் '1984' நாவலைக் கிண்டில்களிலிருந்து அமேசான் தூரத்தில் இருந்தபடியே அழித்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. மயில்துத்தப் பசையில் ஒட்டிய பொன்னியின் செல்வனை அப்படி யாரும் வந்து எடுத்துப்போயிருக்க முடியாது.

விலையும் ஏழைக்கு எட்டுகிற பக்கம் நகரவில்லை. 2012இல் கிண்டில் இந்தியக் கடைகளுக்கு வந்தபோது ரூ.6,999, 2025இல் வந்த புதிய பேப்பர்வைட் ரூ.16,999. பின்னது மேம்பட்ட கருவி, சரிதான். என்றாலும் ஒரு வீட்டில் அந்தப் பணம் இருந்தால் பிள்ளையின் படிப்புக்கு என்று போன்தான் வாங்குவார்கள், 2020 ஊரடங்கில் வகுப்பே போனில் நடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். 2025 தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி, எது வேண்டுமோ அது என்று அரசு அறிவித்தபோது, நம் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கிற உரிமை வந்ததே என்று மகிழ்ந்தேன். அந்த வரிசையில் மின்வாசிப்பான் இல்லை.

1948இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டு வருகிறோம். நூலகத் துறை ஒன்றைச் செய்ய வேண்டும்: ஒவ்வொரு கிளை நூலகத்திலும் பத்து மின்வாசிப்பான்கள், அவற்றில் நாட்டுடைமை நூல்கள் அத்தனையும், உறுப்பினர் அட்டைக்குப் பதினைந்து நாள் இரவல். புத்தகம் எடுப்பதுபோல எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். காசு கொடுத்து வாங்க முடியாத வீட்டுக்கும், சின்ன எழுத்துப் படிக்க முடியாத கண்ணுக்கும் அது போய்ச் சேரும். மயிலம் வட்டாரத்தில் தொடங்குங்கள். வந்து பெயர் எழுதிக்கொள்ள முதல் ஆளாக எங்கள் தெரு ஐயா இருக்கிறார், அவருக்குப் பின்னால் என் அக்கா.