ஐப்பசியில ஏது அறுவடை, பேராண்டி?

இன்னா பேராண்டி, பைபாஸ் பக்கம் ஓட்டல்ல அறுவடைத் திருவிழாவாமே? போய்ட்டு வந்தியா? நான் போய்ட்டு வந்துட்டேன். இட்டுனு போனது என் சொந்தப் பேரன். ஒரகடத்துல கார் கம்பெனியில வேலை. மாசம் பொறந்தா சம்பளம், சம்பளம் வந்தா ஓட்டல். "தாத்தா, ஆட்டம் ஃபெஸ்டிவல். சீசன் சாப்பாடு. இந்த வாரத்தோட முடிஞ்சிரும், கெளம்பு"ன்னான். ஆட்டம்னு சொன்னதும் எனக்குத் தெருக்கூத்து ஞாபகம் வந்துச்சு. கூத்துப் பாத்து எத்தினி வருசமாச்சு! வேட்டியைத் தட்டிக் கட்டிக்கினு கெளம்பிட்டேன்.

ஏமாத்தல. கூத்துதான் நடந்துச்சு.

வாசப்படியில வைக்கோல் கட்டு. வைக்கோல் மேல ஒரு பரங்கிக்காய். அதுக்குக் கண்ணும் பல்லும் நோண்டி உள்ள விளக்கு வெச்சிருந்தான். திருஷ்டிக்குன்னு நெனச்சேன். இல்லியாம், அலங்காரமாம். உள்ள போனா கூரை முழுக்கச் சருகு தொங்குது. செகப்பும் மஞ்சளுமா, அத்தினியும் பிளாஸ்டிக்கு. வெளியில ஐப்பசி மழை கொட்டுது, உள்ள எலை உதிருது! "இது எந்த மரத்து எலைடா"ன்னேன். "மேப்பிள் தாத்தா"ன்னான். "எங்க கீது அந்த மரம்?" "கனடாவுல."

நீ சொல்லு. நம்ம ஊரு மரம் எப்ப எலை கொட்டும்? தெரியாதுல்ல? மாசி பங்குனியில. அரசும் புங்கமும் கொட்டற கொட்டுல உங்க ஆயாவுக்கு வாசப் பெருக்கியே இடுப்பு ஒடிஞ்சிரும். அப்பால சித்திரைக்குள்ள தளிரு. ஐப்பசியில நம்ம மரம் தலைக்குக் குளிச்ச புள்ள மாதிரி பச்சைப் பசேல்னு நிக்கும். ஐப்பசி அடைமழைன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். ஐப்பசிச் சருகுன்னு எந்தக் கெழவியும் சொன்னதில்ல.

எலையாச்சும் போவட்டும். அறுவடைன்றானே, எதை அறுத்தான்? நம்ம ஏரிப்பாசனத்துல நெல்லுக்கு மூணு பட்டம். சித்திரையில வெதைச்சா சொர்ணவாரி, அது ஆவணி வாக்குல களத்துக்கு வந்துரும். ஆவணியில போட்டா சம்பா, அறுப்பு தையில. அப்பால நவரை. ஐப்பசியில நீ கழனிப் பக்கம் போனா இன்னா பாப்பே? சம்பா நாத்து அப்பத்தான் தூர் கட்டிக்கினு நிக்கும். ஏரி ரொம்புமான்னு சம்சாரி வானத்தைப் பாத்துனு நிப்பான். அவன்கிட்ட போயி "அறுவடை வாழ்த்துகள்"னு சொல்லிப் பாரு. களைக்கொட்டாலயே வாழ்த்துவான்.

பக்கத்து மேசையில ரெண்டு கொரியாக்காரங்க உக்காந்திருந்தாங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் வந்ததுல இருந்து அவங்களும் நம்ம ஜில்லாக்காரங்கதான். அவங்க ஊர்ல சூசோக்னு ஒரு பண்டிகையாம், எட்டாம் மாசத்துப் பௌர்ணமி. நம்ம கணக்குக்குப் புரட்டாசியை ஒட்டி வரும். புது நெல்லு வீடு வந்ததும் அரிசி மாவுல எள்ளோ பயறோ பூரணம் வெச்சு, பைன் மரத்து ஊசியிலை மேல அடுக்கி அவிச்சு, செத்துப்போன பாட்டன் பூட்டனுக்குப் படைப்பாங்களாம். பேரன்தான் சொன்னான், அவன் கம்பெனியில கூட வேலை செய்றவங்களாம். கேட்டதும் எனக்கு மனசு குளுந்துபோச்சு. ஏன்? அவன் ஊர்ல அப்ப நெல்லு வெளையுது, அவன் கொண்டாடறான். அதுல இன்னா தப்பு? நமக்கு அது தையில. அவன் பண்டிகையை அவன்கிட்ட கேட்டு வாங்கினாக்கூட ஒரு மரியாதை. இந்த ஓட்டல்காரன் கனடாக்காரன் சருகைத் திருடிக்கினு வரான்.

சரி, சாப்பாட்டுக்கு வரேன். ஒரு பையன் வந்து அட்டையை நீட்டினான். கண்ணாடி இல்லாம படிக்க முடியல, பேரன் படிச்சான். மொதல்லயே "புதுநெல் அரிசிச் சோறு"ன்னு இருந்துச்சு. நான் சிரிச்சுட்டேன். ஏன்டா, புது அரிசியில சோறு வடிச்சா அது சோறா இருக்குமா? கொழைஞ்சு கஞ்சியாப் பூடும். அதனாலதான் புது அரிசியைப் பொங்கல் வெச்சான் நம்ம ஆளு. கொழையறது பொங்கலுக்கு அழகு, சோத்துக்கு அசிங்கம். அந்தக் காலத்துல வீட்டுல பழைய அரிசி இருக்குதுன்னாதான் பொண்ணு குடுப்பாங்க. இவன் புது அரிசின்னு பெருமையா அச்சடிச்சு எடுத்துனு வரான். வந்த சோறு இன்னாவோ பொலபொலன்னுதான் இருந்துச்சு. அப்ப அட்டை பொய் சொல்லுது. இல்ல, அரிசி பொய் சொல்லுது.

கண்ணாடிக் கோப்பையில சாம்பக் கலர்ல ஒண்ணு வந்துச்சு. மேல புதினா ஒரு எலை. வாய்ல வெச்சா... அட, கேழ்வரகுக் கூழு! ஆடியில மாரியாத்தா கோயில்ல அண்டா அண்டாவா ஊத்தற கூழு. சொம்பு எடுத்துனு போனா வெங்காயத்தோட சொம்மாவே ஊத்துவாங்க. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய வருசம்னு அறிவிச்சாலும் அறிவிச்சுது, எங்கப்பாரு பட்ட ஏழ்மைக்கெல்லாம் வெலை ஏறிப்போச்சு. ஆடியில நெல்லுக் குதிரு காலியாக் கெடக்கும், அதனால கூழு. அதுதான்டா சீசன்! இல்லாததும் ஒரு சீசன்தான்.

அடுத்தது பரங்கிக்காய் சூப்பு. அதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, நல்லாவே இருந்துச்சு. ஆனா நம்ம வீட்டுக் கூரை மேல ஏறின கொடி மார்கழியில பூத்து, அந்தப் பூ சாணி உருண்டை மேல கோலத்துல உக்காந்து, அப்பால காயாகி, பொங்கலன்னிக்குக் கொழம்புக்கு வரும். பூக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னயே சூப்பு வெச்சுட்டான். கெட்டிக்காரன்தான்.

இதெல்லாத்தையும் நான் மன்னிச்சிருப்பேன், கண்ணு. இட்லியைத்தான் மன்னிக்க முடியல. "காஞ்சிபுரம் இட்லி, ஹெரிடேஜ்"னு ஒரு தட்டு வந்துச்சு. டம்ளர்ல ஊத்தி வேகவெச்ச நாலு பில்லை. ஒவ்வொண்ணுக்கும் இடுப்புல மந்தாரை எலையை நாடா மாதிரிக் கிழிச்சுக் கட்டியிருந்தான். எலையை எங்க வெக்கணும், எங்க வெச்சிருக்கான் பாரு! வரதராசப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில மூங்கில் குடலை இருக்கும், உள்ளுக்குள்ள சுத்திவர மந்தாரை எலை. அரிசியையும் உளுந்தையும் ரவ ரவையா அரைச்சுப் புளிக்க வெச்சு, மொளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய்யி போட்டுக் கலக்கி, குடலை நெறைய ஊத்தி, மூணு மணி நேரம் ஆவியில வெப்பாங்க. எலையோட வாசம் மாவுக்குள்ள எறங்கணும்னா அத்தினி நேரம் புடிக்கும். மொளகும் சுக்கும் எதுக்கு? அத்தினி பெரிய இட்லி செமிக்கணுமில்ல? கெட்டுப்போவாம நிக்கணுமில்ல? ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரியம் இருக்கு. நாடாவுக்கு இன்னா காரியம்? போட்டோவுக்கு நிக்கும்.

பட்டுச் சேலைக்கு 2005-ல புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க. எவனாச்சும் போலியைக் காஞ்சிப்பட்டுன்னு வித்தா கேக்க ஒரு சட்டம் கீது. டம்ளர் இட்லியை எந்தக் கோர்ட்டுல நிறுத்தறது?

பையன் திரும்ப வந்தான். "சார், இது லிமிடெட் பீரியட் ஆஃபர், ஞாயித்துக்கெழமை வரைக்கும்தான்." நான் அவனை உக்காரச் சொன்னேன். பாவம், உக்காரல, மேனேஜர் பாத்துனு இருந்தாரு. "தம்பி, எங்க ஊர்ல ஒருத்தரு இருக்காரு. பேரு அத்திவரதரு. குளத்துக்குள்ள படுத்திருப்பாரு. 40 வருசத்துக்கு ஒருக்கா எழுந்து வருவாரு, 48 நாளு தரிசனம், திரும்பப் போய்ப் படுத்துக்குவாரு. நான் 1979-ல பாத்தேன். 2019-ல ஜூலை ஒண்ணாந்தேதி மறுபடி வந்தாரு, அப்பவும் பாத்தேன். அடுத்தது 2059. இதுக்குப் பேருதான் நீ சொல்ற ஆஃபரு"ன்னேன். பையன் வாயைப் பொத்தினு சிரிச்சான். பில்லு மட்டும் சிரிக்கல. அஞ்சு சதவீதம் வரியோட வந்துச்சு.

நீ கேக்கலாம். ஏன் தாத்தா, உன் காலத்துல ஐப்பசியில இன்னாதான் தின்னே?

தறி ஓடினாதான் எங்களுக்குச் சோறு. எங்க தறி குழித்தறி. தரையில பள்ளம் தோண்டி, காலை உள்ள தொங்கவிட்டு மிதிக்கறது. தீவாளி வரச்சொல்ல கடைக்காரன் சேலை கொண்டா, சேலை கொண்டான்னு தொரத்துவான். அதே நேரத்துல மழை குழிக்குள்ள ஊறும். காலை எறக்கினா கணுக்கால் வரைக்கும் தண்ணி. பாவு ஈரத்தை இழுத்துக்கும். பட்டு இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், விழுதுல சிக்கும், நாடா ஓடாது. தெருவுல பாவு விரிக்கலாம்னா வெயிலு வேணும், வெயிலு எங்க? ஒரு வருசம் கொட்டாங்கச்சியால குழித் தண்ணிய மொண்டு ஊத்தி ஊத்தி எங்கண்ணனுக்குக் கையே மரத்துப்போச்சு. தறி ஓடலன்னா கூலி இல்ல. கூலி இல்லன்னா உலையில இன்னா வேகும்? கேழ்வரகு மாவுல முருங்கைக்கீரையைப் போட்டு அடை தட்டுவாங்க எங்காத்தா. கொள்ளு ரசம். அவ்ளோதான் எங்க சீசன் மெனு. அட்டை கிட்டையெல்லாம் கெடையாது. அடுப்புப் பக்கம் தலையைத் திருப்பினா மோப்பத்துலயே தெரிஞ்சிரும்.

புரட்டாசி முழுக்கக் கவிச்சி கெடையாது, அது பெருமாளுக்கு. நவராத்திரியில காமாட்சி கோயிலுக்குப் போய்ட்டு வர்ற வழியில எவன் வீட்டுல கொலு வெச்சிருந்தாலும் நொழைஞ்சிருவோம், சுண்டலுக்கு. இன்னிக்குக் கொண்டக்கடலை, நாளைக்குக் காராமணி, அடுத்த நாளு பட்டாணி. ஐப்பசி பொறந்த மொத ஞாயித்துக்கெழமை கறிக்கடையில நிக்கிற கூட்டத்தைப் பாரேன்! ஓட்டல்காரன் ஒரு ஃபெஸ்டிவல் வெக்கணும்னா அன்னிக்கு வெக்கணும். பௌர்ணமிக்குச் சிவன் கோயில்ல அன்னாபிஷேகம். சாமிக்கே சோத்தால சட்டை போட்டுவிடுவாங்க. அப்பால அந்தச் சோறு நமக்குக் கொஞ்சம், குளத்து மீனுக்குக் கொஞ்சம். எந்தப் பந்தியிலயும் மீனுக்குத் தனியா எலை போட்டு நான் பாத்ததில்ல, அங்கதான் பாத்தேன்.

ஓட்டலை உட்டு வெளிய வந்தோம். மழை விட்டிருந்துச்சு. பைபாஸ் ஓரம் தள்ளுவண்டியில ஒரு பெரியம்மா அலுமினிய அண்டாவைத் தொறந்துச்சு. ஆவி! மல்லாக்கொட்டை பேராண்டி. ஆடிப்பட்டத்துல வெதைச்சு, புரட்டாசி ஐப்பசியில புடுங்கறது. செடியோட புடுங்கி, கூலிக்கு ஆய்ஞ்சு, ஈரம் காயறதுக்கு முன்ன உப்புப் போட்டு அவிக்கறது. ஒரு மாசம் கழிச்சு வா, காஞ்ச கொட்டைதான் கெடைக்கும், இந்த ருசி கெடைக்காது. "எந்தூரும்மா?"ன்னேன். "வாலாஜாபாத்து பக்கம். நேத்துப் புடுங்கினது"ன்னுச்சு. தொலி மேல செம்மண்ணு இன்னும் ஒட்டிக்கினு இருந்துச்சு. அலங்காரத்துக்கு வெச்ச மண்ணு இல்ல.

முப்பது ரூபாய்க்குக் காயிதப் பொட்டலம் ரெண்டு வாங்கினேன். பேரன் வண்டி மேல சாஞ்சுக்கினு ஒண்ணு ஒண்ணா உடைச்சான். உள்ள இருந்த தண்ணி பீச்சி சட்டையில அடிச்சுது. கவனிக்கவே இல்ல பையன். போனையும் வெளிய எடுக்கல. ரெண்டாவது பொட்டலத்துக்கும் கையை நீட்டிட்டான்.

தொலியைப் போட எடமில்லாம சட்டைப் பையில போட்டுக்கினான். மறுநாள் துணி துவைக்கச்சொல்ல உங்க ஆயா போட்ட சத்தம் பிள்ளையார்பாளையம் கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.