தட்டை நாட்டில் மலையேற்றம்

தன் மிக உயர்ந்த மலை எது என்று முடிவுகட்ட டென்மார்க்குக்கு 2005ஆம் ஆண்டு வரை ஆனது. மலைகள் கூடிப்போய்க் குழம்பவில்லை. இருப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் படுத்திருந்ததுதான் சிக்கல்.

நெடுங்காலமாக 147 மீட்டர் உயரமுள்ள ஹிம்மெல்பியேர்கெட்தான் முதலிடத்தில் இருந்தது. 1847இல் அளந்து பார்த்துவிட்டு, எயர் பௌனெஹொய் அதைவிட உயரம் என்றார்கள். பிறகு யூடிங் ஸ்கோவ்ஹொய் போட்டிக்கு வந்தது. அதன் உச்சி 172.54 மீட்டர். ஆனால் உச்சியில் இருப்பது வெண்கலக் காலத்தில் யாரையோ புதைத்து மேலே குவித்த மண்மேடு. செத்தவருக்குப் போட்ட மண்ணை மலையின் கணக்கில் எழுதலாமா? கூடாது என்று கழித்தார்கள், மிஞ்சியது 170.77. கடைசியில், எயர் பௌனெஹொய்க்குப் பக்கத்திலேயே பேசாமல் கிடந்த மொல்லெஹொய் 170.86 மீட்டர் என்று தெரியவந்தது. ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசத்தில் வெற்றி. யூடிங்காரர்கள் நல்ல குதிச்செருப்பாகப் பார்த்துப் போட்டிருந்தால் தோற்றிருக்கமாட்டார்கள்.

அந்த மொல்லெஹொய் உச்சியில் முன்பு ஒரு மாவாலை இருந்தது. 1917இல் இடித்துவிட்டார்கள். இப்போது அதன் திரிகைக் கல் மட்டும் அங்கே கிடக்கிறது. ஒரு நாட்டின் சிகரத்தில் மாவரைத்திருக்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட சிகரம் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் ஒரு குறையும் இருந்ததில்லை. நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவன். எங்கள் குடாநாட்டில் மலையும் இல்லை, வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை. இருக்கிற வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் வந்துபோகிற விருந்தாளி. ஊரில் உயரமான பொருள் பனைமரம். அதையும் நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அங்கிருந்து கிளம்பி, கோப்பன்ஹேகனுக்குத் தென்மேற்கே ஒட்டிக் கிடக்கும் ஹ்விடோவ்ரேக்கு வந்து சேர்ந்தேன். தட்டையிலிருந்து தட்டைக்கு. இவ்வளவு தூரம் வந்தும் என் காலுக்கு ஊர் மாறியதே தெரியாது.

சிக்கல் கல்யாணத்தின் வழியாக வந்தது. என் மனைவி இலங்கை மலையகத்துத் தலவாக்கலைக்காரி. அந்த ஊரே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏழு மொல்லெஹொய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் என் மாமியார் வீட்டு வாசற்படி வரும். அதற்குப் பிறகும் குசினிக்குப் போக நாலு படி ஏறவேண்டும்.

போன ஓகஸ்டில் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை கார் கண்ணாடியை ஒட்டியே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி:

"என்ன மச்சான், மலைய எல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

தூரத்தில் தெரிந்த அமாயெர் பக்கெயைக் காட்டினேன். அது குப்பை எரிக்கும் ஆலை. 85 மீட்டர் உயரம். அதன் கூரையைச் சரிவாகக் கட்டி, 2019இல் பனிச்சறுக்குத் தளமாகத் திறந்துவிட்டார்கள். கூரை ஓரமாக நடந்து ஏறவும் பாதை உண்டு. எங்கள் வீட்டுக் குப்பை உள்ளே எரிய, நாங்கள் மேலே நின்று காட்சி பார்க்கலாம் என்று விளக்கினேன்.

மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப குப்பை கூடினா மலை வளருமா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அயலவரிடம் அறிமுகப்படுத்தினேன். டேனிஷ்காரர், நல்ல மனிதர், நடைப்பயணப் பைத்தியம். மோசமான காலநிலை என்று ஒன்றில்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்பது இந்த ஊரின் வேதவாக்கு. அவர் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிப்பவர். கணுக்கால் வரை மூடும் சப்பாத்து, இரண்டு ஊன்றுகோல், மழைச்சட்டை, மழைச்சட்டை நனையாமலிருக்க அதற்கு ஓர் உறை, தேர்மோசில் கோப்பி, ரை ரொட்டிப் பொட்டலம், வரைபடம். ஞாயிற்றுக்கிழமை காலை இவர் புறப்படும் கோலத்தைப் பார்த்தால் எவரெஸ்டே ஒரு படி இறங்கி நிற்கும். போவது வெஸ்ட்வோலனுக்கு.

வெஸ்ட்வோலன்தான் ஹ்விடோவ்ரேயின் மலைத்தொடர். கோப்பன்ஹேகனை எதிரியிடமிருந்து காப்பாற்ற 1888க்கும் 1892க்கும் இடையில் வெட்டிய அகழியும், வெட்டிய மண்ணைக் குவித்துப் போட்ட அரணும். அவெடோரே கடலோரத்திலிருந்து வடக்கே பதினான்கு கிலோமீட்டர் அளவுக்குப் போகிறது. எதிரி அந்தப் பக்கமே வரவில்லை. 1920க்குப் பிறகு இராணுவம் அதைக் கைவிட்டது. அதன்பின் மரம் வந்தது, சைக்கிள் பாதை வந்தது, நாயோடு நடப்பவர்கள் வந்தார்கள். இன்றைக்கு அந்த அரணை இரவுபகலாகக் காவல்காப்பவை தாராக்கள்தான்.

மச்சான் பாட்டா செருப்போடு புறப்பட்டார். அயலவர் செருப்பைக் கவலையோடு பார்த்தார். மச்சான் ஊன்றுகோலைக் கவலையோடு பார்த்தார். "ஐயாவுக்குக் காலில ஏதும் வருத்தமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

ஏறத் தொடங்கிச் சற்று நேரத்தில் அயலவர் நின்று, மூச்சை ஆழமாக இழுத்து, கையை அகல விரித்தார்.

"எதுக்கு நிக்கிறார்?"

"உச்சிக்கு வந்திட்டம் மச்சான்."

மச்சான் திரும்பிப் பார்த்தார். நாங்கள் புறப்பட்ட இடத்தில் நிறுத்திய காரின் இலக்கத்தகடு தெளிவாக வாசிக்கக் கூடியதாக இருந்தது.

அயலவர் விடவில்லை. புல்லுக்குள் நடந்ததால் உண்ணி ஏறியிருக்கும், வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்பக்கம் பார்க்கவேண்டும், கடித்தால் நோய் வரும் என்று எச்சரித்தார். நான் மொழிபெயர்த்தேன். மச்சானின் முகம் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக மலர்ந்தது. தேயிலை மலையில் அட்டைக்கு இரத்தம் கொடுத்துப் பழகியவர் அல்லவா! தன்னை மதித்துக் கடிக்க இங்கேயும் ஒன்று இருக்கிறது என்பதில் அவருக்கு ஓர் ஆறுதல்.

நிலாவில் காட்டுக்குள் நடந்தால் நன்றாக இருக்குமே என்று கேட்டுப் பார்த்தார். அதற்கும் அயலவரிடம் சட்டம் இருந்தது. அரசாங்கக் காடு என்றால் எந்த நேரமும் போகலாம். தனியார் காடு என்றால் காலை 6 மணியிலிருந்து சூரியன் மறையும்வரைதான். அதுவும் பாதையை விட்டு விலகக்கூடாது.

மச்சான் அன்று முழுக்கச் சிரித்தார். "காட்டுக்கு ஆபீஸ் நேரமா! எங்க ஊர்ல காடுதான் மச்சான் நம்மள எப்ப வெளியில விடணும்னு முடிவுபண்ணும்."

அடுத்த நாள் த்ரீனெயிடம் கூட்டிப்போனேன். தோமஸ் டம்போ என்ற கலைஞர் 2016இல் கோப்பன்ஹேகனின் மேற்குப் புறநகர்களில் ஆறு மரப் பூதங்களைச் செய்து ஒளித்துவைத்தார். எல்லாம் எறிந்த பலகை, உடைந்த வேலி, பழைய மரம். ஹ்விடோவ்ரேயின் பங்குக்குக் கிடைத்தவள் ஒரு மேட்டின் தலையில் இருக்கும் த்ரீனெ. அவளுடைய உள்ளங்கையில் ஏறி நின்றால் சுற்றுப்புறம் முழுவதும் தெரியும். பிள்ளைகளோடு பிள்ளையாக வரிசையில் நின்று மச்சானும் ஏறினார். மாடிக் குடியிருப்பும் நெடுஞ்சாலையும் மின்நிலையத்துப் புகைபோக்கியும் தெரிந்தன.

"மண்ணையும் கொட்டி, அதுக்கு மேல பலகையில பூதத்தையும் கட்டி, பூதத்து கையிலயும் ஏறி நிக்கிறீங்க. அப்பவும் தெரியிறது ரோட்டுத்தானே மச்சான்?" என்றார் மேலிருந்து.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. புலம்பெயர்ந்தவனுக்கு இது ஒரு வியாதி. டேனிஷ்காரரிடம் ஊரை விட்டுக்கொடுக்கமாட்டான். ஊரிலிருந்து வந்தவரிடம் டென்மார்க்கை விட்டுக்கொடுக்கமாட்டான். நீர்வீழ்ச்சியே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன் ஹ்விடோவ்ரேயில் நான் பார்த்த அருவி ஒன்றுதான்: 2011 ஜூலை 2ஆம் திகதி, கோப்பன்ஹேகனில் இரண்டு மணி நேரத்துக்குள் நூறு மில்லிமீட்டருக்குமேல் கொட்டித் தீர்த்த அன்று, நண்பர் ஒருவரின் நிலவறைப் படிக்கட்டில் விழுந்தது. நல்ல அருவி. ஆனால் காப்புறுதிக்காரர் வந்து படம் எடுத்ததோடு அதன் பெருமை முடிந்துவிட்டது.

உண்மையான அருவிக்கு போர்ன்ஹோல்ம் தீவுக்குப் போகவேண்டும். டென்மார்க்கில் கருங்கல் தரைக்கு மேலே தலைநீட்டுவது அந்தப் பக்கத்தில்தான். எங்கள் பக்கத்திலிருந்து வழக்கமான வழி இப்படி: பாலத்தைக் கடந்து சுவீடனுக்குள் போய், அந்த நாட்டின் தெற்குக் கரையில் ஈஸ்டாட் துறைமுகத்தில் கப்பலேறி, மறுபடி டென்மார்க்கில் ரொன்னெயில் இறங்குவது. சொந்த நாட்டு அருவியைப் பார்க்க வெளிநாட்டுக்குக் கடவுச்சீட்டோடு போய்வரும் குடிமக்கள் நாங்கள்.

முதலில் எக்கோடாலன். தீவுக்குக் குறுக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் நீளும் பிளவுப் பள்ளத்தாக்கில் உள்ள இடம். கற்சுவரைப் பார்த்துக் கூப்பிட்டால் அது திருப்பிக் கூப்பிடும். மச்சான் வாயருகே கையைக் குவித்து, வகுப்பறைக் குரலில், "டேய், யார்ரா அங்க?" என்றார். "யார்ரா அங்க?" என்றது பாறை. எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் தமிழில் கேட்டதற்குத் தமிழிலேயே, இலக்கம் எடுத்து உட்காரவைக்காமல், மொழிப் பரீட்சை சான்றிதழ் கேட்காமல் உடனே பதில் சொன்ன முதல் அரசாங்கச் சொத்து அது.

அந்தக் குஷியோடு டொன்டாலனுக்குப் போனோம். டென்மார்க்கின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சி; ஏறக்குறைய இருபது மீட்டர். காட்டுப் பாதை உண்மையிலேயே அழகு. ஓடைக் கரையோரம் பாசி படர்ந்த கல்லும் நிழலுமாக, மச்சான்கூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டு நடந்தார். பாதை முடிந்தது. பாறை இருந்தது. அறிவிப்புப் பலகை இருந்தது. படம் எடுக்க வந்த சனம் இருந்தது. தண்ணீர்தான், ஓகஸ்ட் என்பதால், யாரோ குழாயைச் சரியாகப் பூட்டாமல் போனதுபோல் ஒரு கோடாகக் கசிந்துகொண்டிருந்தது.

மச்சான் கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர்வரும்வரை சிரித்தார். அந்தக் கண்ணீரில் பாறை கொஞ்சம் கூடுதலாக நனைந்திருக்கும். "பம்பரகந்தை 263 மீட்டர். தியலுமை 220. அதெல்லாம் விடுங்க மச்சான், நம்ம சென் கிளேயர்! எண்பது மீட்டர். அட்டன் ரோட்டுல பஸ் ஜன்னல்ல தலைய நீட்டினா போதும். கப்பல் வேணாம், பாஸ்போர்ட் வேணாம்."

அதுவரை ரை ரொட்டியில் மாசிச் சம்பல் பூசிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள்.

"அண்ணே, சென் கிளேயர் ராத்திரியில விழுமா?"

மச்சான் சிரிப்பை நிறுத்தினார்.

விஷயம் இதுதான். தலவாக்கலையில் அணை கட்டி, ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பி, 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் தொடங்கியது. அருவி செத்துப்போகும் என்று எதிர்ப்பு வந்தபோது ஒரு சமரசம் செய்தார்கள்: பார்ப்பவர்களுக்காகச் சூரியன் உதிப்பதிலிருந்து மறைவதுவரை அணையிலிருந்து அளந்து தண்ணீர் விடுவது என்று.

"நம்ம அருவிக்கும் ஆபீஸ் நேரம்தான், அண்ணே. இங்க உள்ளவங்க காட்டுக்கு வச்ச அதே நேரம்," என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க? உங்க ஊர்ல திறந்துவிடறதுக்கும் ஒண்ணும் இல்ல."

நானும் சிரிப்பை நிறுத்தினேன். உலகத்தில் இயற்கை தந்ததை வைத்துக்கொண்டு பெருமைப்படுபவர்களை விட, தராததை மண் கொட்டியோ, பலகை அடித்தோ, மதகு திறந்தோ சமாளிக்கிறவர்கள்தான் அதிகம் போலும். ஹ்விடோவ்ரே அதில் கொஞ்சம் வெளிப்படையான ஊர், அவ்வளவுதான்.

மச்சான் சம்பல் ரொட்டியை வாங்கிக் கடித்தார். மென்று விழுங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆசிரியருக்கே உரிய கம்பீரத்தோடு தீர்ப்புச் சொன்னார்: "இருந்தாலும், நேரத்துக்குத் திறந்தா எண்பது மீட்டர் விழும்ல?"