மச்சான் அருகிருக்க வாய் திறவாமை: உடுமலை ஆங்கிலம் குறித்த ஓர் ஆய்வு

உடுமலைப்பேட்டைக்காரர் ஆங்கிலம் பேசுவாரா, மாட்டாரா என்று கேட்பதே பிழை. பக்கத்தில் நிற்பது யார் என்பதுதான் ஆய்வுக்குரிய கேள்வி.

முதல் களம் மூணாறு சாலை. வழி கேட்டு வண்டியை நிறுத்தும் வெளிநாட்டுப் பயணிக்குப் பேக்கரிக்காரர் தயங்காமல் விடை சொல்கிறார்: "கோ ஸ்ட்ரெய்ட்டுங் சார். ஒன்பதாறு செக்போஸ்ட்டு. எலிபென்ட் கமிங். ஹார்ன் நோ." வினைமுற்றுக்குப் பஞ்சம்தான், ஆனால் யானைக்கும் சேதமில்லை, பயணிக்கும் சேதமில்லை. அந்நேரம் உள்ளூர் ஆங்கில ஆசிரியர் ஒருவர் டீ குடிக்க வந்து நின்றால் போதும், பேக்கரிக்காரர் போண்டாவை எண்ணத் தொடங்கிவிடுவார். வழி கையால் மட்டுமே காட்டப்படும்.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. 1998இல் மெக்கின்டயர் என்ற ஆய்வாளரின் குழுவினர் அயல்மொழியில் பேசும் விருப்பத்தை ஆறடுக்குப் பிரமிடாகவே வரைந்துவிட்டார்கள். 2005இல் காங் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் படித்த நான்கு கொரிய மாணவர்களைக் கவனித்து, பாதுகாப்புணர்வு, உற்சாகம், பொறுப்பு மூன்றும் சேர்ந்தே வாயைத் திறக்கின்றன என்றார். சக கொரியர், அதிலும் தம்மைவிட நன்றாகப் பேசுபவர், கூட இருந்தால் அவர்களுக்கு அந்தப் பாதுகாப்புணர்வு குறைந்தது. "பாருடா, பீட்டர் உடறான்" என்பதைக் கொரியாவில் எப்படிச் சொல்கிறார்களோ!

பொறுப்புக்குச் சான்று திருப்பூர். 1978இல் வெரோனா என்ற இத்தாலியர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்த ஊர் அது. உடுமலையிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் மெர்ச்சன்டைசர், துணியின் ஜிஎஸ்எம் (எடை) குறைந்ததற்கும் ஷேடு மாறியதற்கும் ஷிப்மென்ட் தள்ளிப்போவதற்கும் ஐரோப்பிய பையரிடம் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் சமாதானம் சொல்கிறார். சரக்கு தேங்கி நிற்கும்போது இலக்கணத்தை யார் பார்ப்பது? (ஒடிசா, பீகார் தொழிலாளர்களிடம் சூப்பர்வைசர் பேசும் மொழி தனி ஆய்வுக்குரியது. அதில் இந்தி, தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே சம்பளத்துக்கு உழைக்கின்றன.)

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் அதே மெர்ச்சன்டைசரை, பெங்களூர் ஐடியில் இருக்கும் மச்சான் "ஹவ் இஸ் வொர்க்?" என்று கேட்கிறார். "பரவால்லீங் மச்சான், ஓடுதுங்" என்றபடி நம்மவர் பந்திக்கு நடையைக் கட்டுகிறார். ஐரோப்பாவுக்கே பதில் சொன்ன வாய் அது.

ஆகவே, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துவோருக்கு இவ்வாய்வின் பரிந்துரை: இலக்கணப் புத்தகத்தைப் பிறகு கொடுக்கலாம், முதலில் மாணவனின் மச்சானை வெளியே அனுப்பவும்.