நாயகன் தரையிறங்காமை: முதல் கேம் ஜாம் பற்றிய ஓர் ஆய்வு

உலகம் தோன்றிய நாள்தொட்டு மனிதன் விளையாடி வருகிறான். ஆய்வுக் கட்டுரை என்றால் முதல் வாக்கியத்தில் உலகம் தோன்றியாக வேண்டும் என்பது நம் பல்கலைக்கழகங்களின் எழுதப்படாத விதி. தோன்றிவிட்டது, இனி விஷயத்துக்கு வரலாம்.

யூடியூபில் பாடம் பார்த்து, திரையில் 'ஹலோ வேர்ல்ட்' வரவழைத்து, ஒரு வட்டத்தை இடமிருந்து வலமாக நகர்த்தக் கற்றுக்கொண்ட ஒருவர், அந்தத் துணிச்சலிலேயே கேம் ஜாம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார். அறிவிக்கப்படும் தீமுக்கேற்ப 48 மணி நேரத்தில் ஒரு கேமைச் செய்து முடித்து ஏற்றிவிட வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. இவரைக் 'கன்னிநிரலர்' என்று இவ்வாய்வு குறிக்கும். ஏன் அப்படிக் குறிக்கிறது என்பதற்கு ஓர் இயல் முழுவதையும் ஒதுக்கியிருந்தேன், இதழாசிரியர் நீக்கிவிட்டார். வாசகர்களின் இழப்பு அவர் தலையில்.

ஜாமின் காலத்தைப் பற்றிப் பூசலிட இடமே இல்லை என்பது ஆய்வுலகுக்கு நேர்ந்த பேரிடர். 2002 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் கிறிஸ் ஹெக்கரும் ஷான் பாரெட்டும் சிலரைக் கூட்டி இண்டி கேம் ஜாம் நடத்தினார்கள். நிரலர்கள் சுழியிலிருந்து எண்ணுகிற சாதி. ஆகவே அதற்குச் 'சுழியாவது' என்றே பெயர். அடுத்த மாதமே ஜெஃப் ஹவ்லண்ட் லூடம் டாரே என்ற இன்னொரு ஜாமைத் தொடங்கிவிட்டார். ஆள், ஊர், மாதம் எல்லாமே தெரிந்துவிட்டால் ஆய்வாளன் பிழைப்பது எப்படி? ஜாம் குமரிக்கண்டத்தில் நடந்ததென்றும், ஏற்றிய கேம்களைக் கடல் கொண்டதென்றும் நிறுவும் கட்டுரை ஒன்று எங்கோ தயாராகிக்கொண்டுதான் இருக்கும். அது வரும்வரை 2002 என்றே கொள்க.

தீம் என்பது, கன்னிநிரலர் ஏற்கெனவே செய்ய நினைத்திருந்த கேமுக்கு ஜாம் நடத்துவோர் சூட்டும் பெயர். 2013 ஆகஸ்ட் லூடம் டாரேயில் 'பத்து நொடி' என்பது தீம். திரையின் மூலையில் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டால் கடமை தீர்ந்தது. குளோபல் கேம் ஜாம் இன்னும் ஒரு படி மேலே போய், 2012இல் தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பின் படத்தையும் 2013இல் இதயத் துடிப்பின் ஓசையையும் தீமாகக் கொடுத்தது. சொல்லே இல்லாத இடத்தில் பொருள் காண நம் உரைகாரர்களை அனுப்பியிருக்க வேண்டும். சொல் இருந்த இடங்களிலும் அவர்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை.

எஞ்சின்: எது இலவசமோ அது.

ஓவியம்: கோடோ எஞ்சினில் புது புராஜெக்ட் தொடங்கினால் தானாக வந்து நிற்கும் அந்த நீல ரோபோ முகமே கதாநாயகன். வேறு வரைவதாகத்தான் இருந்தது.

இனி ஆய்வின் உயிர்நிலையாகிய தாவலுக்கு வருகிறோம். ஸ்பேஸ்பாரை அழுத்தினால் நாயகனுக்கு மேல்நோக்கி ஒரு வேகம் கொடு. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஈர்ப்புவிசை அதில் கொஞ்சம் கழிக்கட்டும். தாவல் இவ்வளவுதான். கன்னிநிரலர் இதை முதல் மணி நேரத்திலேயே எழுதிவிடுகிறார். நாயகன் தாவுகிறான். அந்தரத்தில் இருக்கும்போதே இன்னொரு முறை அழுத்தினால் அங்கிருந்தும் தாவுகிறான். பிறகு அங்கிருந்தும். திரையின் மேல்விளிம்பைக் கடந்து போனவன் போனவன்தான். 'தரையில் நிற்கிறாயா?' என்று அவனை ஒரு வார்த்தை கேட்க மறந்தாயிற்று. நூல்களை முதல், வழி, சார்பு என்று பிரித்த மரபையொட்டி இதை முதல் தரையிறங்காமை என்க.

இதைத் திருத்த, 'எதையாவது தொட்டால் தரையில் இருக்கிறான்' என்று கன்னிநிரலர் ஒரு வரி சேர்க்கிறார். சுவரும் எதையாவதுதான். நாயகன் சுவரைத் தொட்டுத் தொட்டு அதன்மேலேயே தாவி ஏறுகிறான். உத்தரத்தில் தலை இடித்தால் உத்தரமும் தரையாகிவிடுகிறது. இது வழி. கோபம் வந்து ஈர்ப்புவிசையைக் கண்டபடி ஏற்றினால், நாயகன் விழும் வேகத்தில் ஒரு ஃபிரேமில் தரைக்கு மேலே இருக்கிறான், அடுத்த ஃபிரேமில் தரைக்குக் கீழே. இடையில் தரையைத் தொட்ட கணம் கணக்கில் இல்லாததால் முடிவின்றி விழுந்துகொண்டே இருக்கிறான். இது சார்பு.

இம்மூன்றிலும் உரைகாரர் வேறுபடுவர். பெயர் கிடைக்காத முதல் உரைகாரர், தரையிறங்காமை நாயகனின் வீடுபேறு என்பார். பெயர் கிடைத்தும் யாரும் சொல்ல விரும்பாத இரண்டாம் உரைகாரர், நாயகன் தரையைத் துறக்கவில்லை, தரைதான் நாயகனைத் துறந்தது என்று அந்நியமாதல் கோட்பாட்டைக் கொண்டு மறுப்பார். மூன்றாமவர், தம் ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கு எழுதிய முன்குறிப்பின் அடிக்குறிப்பில், இரண்டாமவர் பார்த்த பிரதியில் ஸ்பேஸ்பாரே வேலை செய்யவில்லை என்றும், தாவாத நாயகனுக்குத் தரையிறங்கும் கடப்பாடு இல்லை என்றும் காட்டுவார். நான்காமவர் மூன்றாமவரின் மாணவர். எனவே அதையே முந்நூறு பக்கத்தில் சொல்வார். ஐந்தாமவரின் உழைப்பு தனி. கரையான் அரித்த பென்டிரைவ் ஒன்றிலிருந்து 'கேம் ஃபைனல்', 'கேம் ஃபைனல் புதுசு', 'கேம் நிஜ ஃபைனல்', 'இதத் தொடாத' ஆகிய நான்கு பிரதிகளை மீட்டு, பாடபேதங்களை ஒப்புநோக்கி, மூலபாடத்தில் நாயகனே கிடையாது, அவன் பிற்கால இடைச்செருகல் என்று நிறுவினார். இரண்டு மாவட்டங்களிலிருந்து பேராளர்கள் வந்து குவிந்த பன்னாட்டுக் கருத்தரங்கொன்றில் இதைப் படிக்க அவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. பொன்னாடைகள் போர்த்தி முடிக்க மதியமாகிவிட்டது. ஐவரில் ஒருவரும் கேமை விளையாடிப் பார்க்கவில்லை. விளையாடினால் நடுநிலை கெடும்.

கன்னிநிரலரையே கேட்டால் 'அது பக்குங்க' என்கிறார். படைப்பாளியின் வாக்குமூலத்தை ஆய்வுலகம் ஏற்பதில்லை; ரோலான் பார்த் 1967இலேயே ஆசிரியரின் மரணத்தை அறிவித்துவிட்டார். நாற்பதாவது மணி நேரத்தில் கன்னிநிரலரின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை மறுக்கவும் மாட்டார்கள். மார்க் பிரௌன் நடத்தும் ஜிஎம்டிகே ஜாமில் 2020ஆம் ஆண்டின் தீம் 'கட்டுப்பாட்டை மீறி'. பக்கைத் திருத்தாமல் அப்படியே ஏற்ற அதைவிட நல்ல ஆண்டு வாய்க்காது.

தரையில் இல்லாதவனைத் தரையில் இருப்பதாகக் கொள்ளும் இதே காரியத்தைக் கைதேர்ந்தவர்கள் தெரிந்தே செய்கிறார்கள் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். 'செலஸ்ட்' கேமில், நாயகி விளிம்பைத் தாண்டிக் காலடியில் ஒன்றுமில்லாத பிறகும், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் அவளைத் தாவ விடுகிறார்கள். ரோட் ரன்னர் கார்ட்டூனில் பாறை முனையைத் தாண்டி ஓடியும் கீழே பார்க்கும்வரை விழாத ஓநாய்ப்பிறவியின் பெயரால் இதைக் 'கொயோட் டைம்' என்பார்கள். 'செலஸ்ட்' கேமும் நான்கே நாளில் ஒரு ஜாமில் செய்த சிறு கேமாகத் தொடங்கி, 2018இல் முழுதாக வந்ததுதான். கன்னிநிரலர் செய்தால் வழு. பெரியவர்கள் செய்தால் வழுவமைதி. நம் இலக்கணிகளுக்கு இது புதிதல்ல.

ஒலி பற்றிச் சில சொற்கள். டோமஸ் பெட்டர்சன் 2007 டிசம்பரில் லூடம் டாரே போட்டியாளர்களுக்காக 'எஸ்எஃப்எக்ஸ்ஆர்' என்றொரு சிறு கருவி எழுதிக் கொடுத்தார். பட்டனை அழுத்த அழுத்த, நாணயம் எடுக்கும் ஓசை, வெடி ஓசை, தாவும் ஓசை எல்லாம் புதிது புதிதாக வரும். கன்னிநிரலர் தாவலோசையை மட்டும் விடியவிடியத் தேர்ந்தெடுப்பார். 'என்னடா அது, ராத்திரி பூரா குய்யி குய்யின்னு' என்று தாய்மார் கேட்பதாக வாய்மொழி வழக்காறு ஒன்று உண்டு. கள ஆய்வு தேவை.

எதிரிகள், கதை, இரண்டாம் லெவல் ஆகியவை கைவிடப்படும்.

டெட்லைனைத் தவறவிடுவோர்க்கு மேற்கோள் காட்ட ஒரு முன்னோடி இருக்கிறது. 'பரப்புக்கு அடியில்' என்ற லூடம் டாரே தீமுக்குக் கேம் செய்ய நினைத்து, உரிய நேரத்தில் முடிக்காமல் விட்ட ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி குழுவிடமிருந்துதான் 2017இல் 'ஹாலோ நைட்' என்ற கேம் வந்தது. தவறவிட்ட மற்றவர்களிடமிருந்து என்ன வந்தது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நேரத்துக்கு ஏற்றியவர்களின் கதி வேறு. கேமின் வேகத்தை நேரத்தோடு பெருக்காமல் ஃபிரேமோடு கட்டிவைத்ததால், கன்னிநிரலரின் 60 ஹெர்ட்ஸ் திரையில் நிதானமாக நடந்த நாயகன், நண்பனின் 144 ஹெர்ட்ஸ் திரையில் 2.4 மடங்கு வேகத்தில் பாய்ந்து முள்ளில் போய் விழுகிறான். 'மச்சி, செம கஷ்டமா வெச்சிருக்கடா' என்று நண்பன் மெச்சுகிறான். முன்பின் தெரியாத ஒருவர் டவுன்லோட் செய்து திறந்தாலோ, விண்டோஸ் குறுக்கே வந்து, உங்கள் கம்ப்யூட்டரைக் காப்பாற்றிவிட்டேன் என்கிறது. இதுகாறும் வெளிவந்த திறனாய்வுகளில் கேமை நேரடியாகத் தொட்டுப் பார்த்துச் சொன்னது இது ஒன்றுதான்.

ஜாமில் பங்கேற்றவர்களே ஒருவர் கேமை ஒருவர் விளையாடிக் கருத்தும் மதிப்பெண்ணும் இடுவது வழக்கம். 'அருமை, இரண்டே நாளில் இவ்வளவா, என் கேமையும் பாருங்கள்' என்பது பொதுப்பாடம். திறக்காமலே பாராட்டும் இக்கலையில் நம் அணிந்துரையாளர்கள் ஜாம்களுக்குப் பல தலைமுறை மூத்தவர்கள். இக்கட்டுரை நூலாகும்போது சேர்க்கலாமென்று மூத்த பேராசிரியர் ஒருவரிடம் அணிந்துரை கேட்டிருந்தேன். மறுநாளே வந்துவிட்டது. தாவல் பகுதியை வெகுவாகச் சிலாகித்திருக்கிறார். கட்டுரையை இனிமேல்தான் அவருக்கு அனுப்ப வேண்டும்.