ராஜகாலுவேயும் நட்சத்திரக் குறியும்

பெங்களூர் ஹலசூரில் மழைநீர்க் கால்வாய் ஒன்று அடைத்துக்கொண்டால் அதைச் சட்டமன்றத்தில் பேசலாமா? மாநிலத்துக்கே சட்டம் இயற்றும் அவையில் சாக்கடைக்கு என்ன வேலை என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. பேசத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பெங்களூரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய வேலை ஒரு எம்.எல்.ஏ.வுக்கு அதிகம் இல்லை என்றும் சொல்வேன்.

முதலில் வரலாறு. மைசூர் சமஸ்தானத்தில் மக்கள் பிரதிநிதிகள் முதன்முதலாகக் கூடியது 1881 அக்டோபர் 7 அன்று, தசராவை ஒட்டி. திவானாக இருந்த ரங்காசார்லு, செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து போனவர், 144 பேரை அழைத்து உட்கார வைத்தார். அந்தப் பிரதிநிதித்துவ சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. திவான் ஆண்டறிக்கை படிப்பார். வந்தவர்கள் தங்கள் தாலுகாவின் தேவைகளையும் குறைகளையும் எடுத்துச் சொல்வார்கள். சட்டம் பற்றி ஆலோசிக்கும் சபை 1907இல்தான் வந்தது. அதாவது கன்னட நாட்டில் ஊர்க்குறையை எடுத்துரைப்பது சட்டம் செய்வதைவிட 26 ஆண்டு மூத்தது. சட்டமன்றம் கூடும் விதான சௌதாவில் இன்று ஒருவர் எழுந்து தன் தொகுதிக் கால்வாயைப் பற்றிக் கேட்கும்போது, அவைக்குரிய மரபிலிருந்து இறங்கிவிடவில்லை. அதன் முதல் மரபில் நிற்கிறார்.

இனிக் கால்வாய். பெங்களூருக்கு வற்றாத ஆறு இல்லை. மேட்டில் அமர்ந்த ஊர் என்பதால் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாக வெட்டி, ஒன்றின் மிகைநீர் அடுத்ததற்குப் போக வாய்க்கால் அமைத்தார்கள். ராஜகாலுவே என்று ஊரில் சொல்வது இவற்றைத்தான். ஹலசூர் ஏரியின் மிகைநீர் பெல்லந்தூருக்குப் போகிறது, அங்கிருந்து வர்த்தூருக்கு, பிறகு தட்சிண பினாகினி ஆற்றுக்கு. அந்த ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் தென்பெண்ணை ஆகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கும் படங்களை நாம் செய்தித்தாளில் பார்த்துச் சலித்திருக்கிறோம். அந்த நுரையின் பிறப்பிடம் பெங்களூரின் வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும். 2015இல் பெல்லந்தூரில் நுரையே தீப்பற்றியது. 2017, 2018 ஆண்டுகளில் ஏரி மீண்டும் எரிந்தது. தண்ணீரில் தீ என்பதைக் கண்ணால் கண்ட தலைமுறை நாம். ஹலசூரில் அடைபடும் கால்வாய் கிருஷ்ணகிரி விவசாயியின் வயல்வரை போகிறது என்றால், அதை வார்டு விவகாரம் என்று எப்படி ஒதுக்குவது?

ஆனால் பேசுவதிலும் தரம் உண்டு. நேரமில்லா நேரத்தில் எழுந்து ஆவேசப்பட்டால் மாலைச் செய்தியில் முகம் வரும். அமைச்சர் ‘கவனிக்கிறேன்’ என்பார். கேள்வி வேறு வகை. ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்டதென்றால் அமைச்சர் நேரில் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். குறியில்லாததற்கு எழுத்தில் பதில் வரும். இரண்டிலும் அமைச்சரின் பெயரில் ஒரு பதில் அவைக் குறிப்பில் ஏறிவிடுகிறது. அதில் வாக்குறுதி இருந்தால் உறுதிமொழிக் குழு பிறகு துரத்திக் கேட்கலாம். பொய் சொன்னால் உரிமை மீறல். தெருவில் நின்று ஆயிரம் பேர் போட்ட முழக்கத்துக்கு இந்தப் பிடி கிடையாது.

கேள்வியை எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ‘கால்வாய் எப்போது சீராகும்?’ என்று கேட்டால் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்ற பதிலைக் கையோடு வாங்கி வரலாம். ராஜகாலுவே மாநகராட்சியுடையது; அதில் கலக்கும் கழிவுநீர் குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு; கரையிலுள்ள நிலத்தின் கணக்கு வருவாய்த் துறையிடம்; மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தது பெரும்பாலும் பெங்களூர் வளர்ச்சி ஆணையம். ஒரே கால்வாயைப் பற்றித் தனித்தனியே கேட்டு, பதில்களை அருகருகே வைத்துப் படித்தால்தான் எங்கே யார் கைகழுவுகிறார்கள் என்பது தெரியும். இது பொறுமையான வேலை, புகழ் தராத வேலை. செய்பவர்களை நான் மனமார மதிக்கிறேன்.

அப்படிச் செய்த இருவரைச் சொல்ல வேண்டும். பெங்களூர் அரசு நில ஆக்கிரமிப்பை விசாரித்த இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்குத் தலைவர் ஏ.டி.ராமசாமி, அறிக்கை 2007இல் வந்தது. நில அபகரிப்பைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. அது 2011ஆம் ஆண்டுச் சட்டமாக உருவாகி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2014இல் நடைமுறைக்கு வந்தது. ஏரி ஆக்கிரமிப்பை ஆராய்ந்த அவைக் குழுவுக்குத் தலைவர் கே.பி.கோளிவாட், அறிக்கை 2017இல். ராமசாமியின் தொகுதி ஹாசன் மாவட்டத்து அரகலகூடு. கோளிவாட்டின் தொகுதி ஹாவேரி மாவட்டத்து ராணிபென்னூர். பெங்களூர் மண்ணை அளந்து எழுதிய இரண்டு பெரிய அறிக்கைகளுக்கும் தலைமை தாங்கியவர்கள் பெங்களூரில் ஓட்டுக் கேட்க வேண்டியிராதவர்கள். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆக்கிரமித்தவரும் வாக்காளர், மூழ்கியவரும் வாக்காளர் என்றால் உள்ளூர் உறுப்பினரின் நாக்கு தடுமாறும். வெளியூர்க்காரர்கள் துணிந்து எழுதினார்கள்.

எழுதியதை அரசு படித்ததா? மழைநீர் மேலாண்மை பற்றிய தணிக்கைத் துறை அறிக்கையும் 2021இல் அவையில் வைக்கப்பட்டது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர் சுற்றுப்புறமும் மூழ்கின. டிராக்டரிலும் படகிலும் ஆட்களை ஏற்றினார்கள். அதே மாதம் கூடிய தொடரில் வெள்ளம் விவாதிக்கப்பட்டது, இடிப்பு இயந்திரங்கள் கிளம்பின, சில வாரங்களில் ஓய்ந்தன. மூன்று அறிக்கைகள் கையில் இருந்தும் ஊர் மூழ்கியதை என்னால் இன்றும் ஆறாத மனத்தோடுதான் எழுத முடிகிறது.

ஏன் இப்படி? ஒரு காரணம் நாட்கள். ஆண்டுக்குக் குறைந்தது 60 நாள் கூட வேண்டும் என்று கர்நாடக சட்டமன்றமே 2005இல் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. பெரும்பாலான ஆண்டுகளில் அந்த எண்ணை எட்டுவதில்லை. அதிலும் குளிர்காலத் தொடர் பெளகாவியில், பெங்களூரிலிருந்து சுமார் 500 கிலோமீட்டரில் நடக்கிறது. வட கர்நாடகத்துக்கு அது நியாயமான உரிமை, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பெரிய காரணம் வேறு. பெங்களூர் மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10இல் முடிந்தது. காலம் முடியும் முன்பே தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். அடுத்த ஐந்து ஆண்டுகளில் நடக்கவில்லை. 198 கவுன்சிலர்கள் பார்த்த வேலை 28 எம்.எல்.ஏ.க்களின் வாசலில் வந்து விழுந்தது. சென்னைக்காரர்களுக்கு இது புரியும்: அங்கே 2016 முதல் 2022 வரை மன்றம் இல்லை, அதற்கு முன் 1973 முதல் 1996 வரை இல்லை. கவுன்சிலர் இல்லாத ஊரில் எம்.எல்.ஏ. தெருவிளக்குக்கு ஓடுகிறார், குப்பை லாரிக்குப் போன் போடுகிறார். ஏரிச் சங்கிலியைப் பற்றிக் கேள்வி எழுத அவருக்கு நேரமில்லை. தெரு மூலைச் சாக்கடை கவுன்சிலருக்கு, ராஜகாலுவே சட்டமன்றத்துக்கு என்ற பிரிவினை குலைந்தால் இரண்டும் அடைத்துக்கொள்கின்றன.

2024 ஜூலையில் வந்த கிரேட்டர் பெங்களூர் நிர்வாக மசோதாவை, சிவாஜிநகர் உறுப்பினர் ரிஸ்வான் அர்ஷத் தலைமையிலான கூட்டுக் குழு ஆராய்ந்தது. 2025 மார்ச்சில் அவைகள் நிறைவேற்றின. இப்போது மாநகராட்சிகள் ஐந்து, மேலே முதலமைச்சர் தலைமையில் ஓர் ஆணையம். நகரத்து எம்.எல்.ஏ.க்களும் அதில் உறுப்பினர்கள். ஊர்ப் பணியில் அவர்களுக்கு இருக்கை கிடைத்தது நல்லதுதான், கவுன்சிலர்கள் வந்த பிறகும் அவர்கள் இடத்தில் இவர்கள் உட்காராதவரை.

பெங்களூரைச் சுற்றியுள்ள 110 கிராமங்கள் 2007இல் மாநகராட்சியில் சேர்ந்தன. அவற்றுக்கென்று காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டது 2024 அக்டோபர் 16இல். பதினேழு ஆண்டு, இடையில் எத்தனை கூட்டத்தொடர்கள். தண்ணீர் உள்ளே வருவதற்கே இவ்வளவு காலம் என்றால், வெளியே போகும் வழியைக் கேட்பவர் விடாமல் கேட்க வேண்டும். அடுத்த தொடருக்கு உங்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுக்க ஒரு மாதிரி: (அ) இன்ன கிராமத்தின் பழைய வரைபடப்படி இந்த ராஜகாலுவேயின் அகலம் எவ்வளவு, இன்று எவ்வளவு, (ஆ) கரையில் ஆக்கிரமிப்பு என்று குறிக்கப்பட்ட சர்வே எண்கள் எவை, ஒவ்வொன்றிலும் எந்தத் தேதியில் என்ன உத்தரவு, (இ) கோளிவாட் குழுவின் எந்தப் பரிந்துரை இங்கே நிறைவேறியது, இல்லையென்றால் எந்த அதிகாரி, எந்தக் காரணம். நட்சத்திரக் குறி போடச் சொல்லுங்கள்.